மிதிக்காதபோது வரும் சத்தம்

கிர்ர்ரென்று ஒரு சத்தம். வீட்டுக்குக் கீழே இறக்கத்தில் யாரோ மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தன்போக்கில் விடுகிறார்கள். கால் உழைக்கும்போது வராது அந்தச் சத்தம். கால் சும்மா இருந்தால்தான் பின்சக்கரம் பேசும். இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

ஃப்ளெக்ஸ் போர்டு புதிதாக வந்து ஊர் முகத்தையே மறைத்திருந்த காலம். நானும் என் நண்பனும் கடற்கரை நகரம் ஒன்றுக்கு நெடுந்தூரப் போட்டிக்குப் போனோம். கடலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். விடிகாலையில் தொடங்கினால் இருட்டும்வரை. அதற்காக ஒன்றரை வருஷம் சுருளிப்பட்டிப் பக்கம் ஆற்றில் நீந்தி, கம்பம் ரோட்டில் மிதித்து, மேகமலை ஏற்றத்தில் ஓடினோம். ரோட்டில் ஒருவன் காலை நிறுத்தினால் அடுத்தவன் விடமாட்டான்: "என்ன மாப்ள, வண்டி பேசுது?"

போட்டியை நான் முடித்தேன். அவன் ஓட்டத்தின் பாதியில் வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான்.

ஊருக்கு வந்தால், பழனிசெட்டிபட்டியில் அவனுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எதிரிலேயே போர்டு. 'போட்டியை முடித்து வெற்றியோடு திரும்பும் எங்கள் சிங்கங்களே!' ரெண்டு பேர் படமும். கீழே வாழ்த்துவோர் தலைகள் வரிசையாக. நாங்கள் பஸ் ஏறிய அன்றே அவன் தாய்மாமன் அடிக்கக் கொடுத்துவிட்டார். காதுகுத்துக்கு அப்படி முன்கூட்டியே அடிக்கலாம், எப்படியும் காது குத்திவிடுவார்கள். போட்டி அப்படியா?

இறக்கச் சொன்னான். "கட்டுன போர்ட இறக்குனா எனக்கு என்னடா மரியாத? கிடக்கட்டும்" என்றுவிட்டார் மாமன்.

டீக்கடைக்காரர் விடவில்லை. "என்னப்பா சிங்கம், போர்டுல ரெண்டு படம், மெடலு ஒண்ணுதான் வந்துருக்காமே?"

"பாதிப் பாதியா வெட்டிக்கிட்டோம்ணே. ஒங்களுக்கு ஒரு துண்டு வேணுமா?"

சிரித்தான். டீயைக் குடிக்கவில்லை.

இவ்வளவு நீளப் போட்டிக்குப் பிறகு உடம்பை எப்படித் திரும்பப் பழக்குவது என்று பிரவுசிங் சென்டரில் ஒரு தாள் அச்செடுத்து வைத்திருந்தேன். முதல் வாரம் நடை மட்டும். ரெண்டாவது வாரம் நோகாமல் நீச்சல், சமதரையில் கொஞ்சம் சைக்கிள். மூன்று வாரத்துக்கு ஓட்டமே கிடையாது. வலி போய்விட்டதென்று தோன்றும், நம்பாதே, உள்ளே ஆறியிருக்காது. எல்லாம் இங்கிலீஷில். அவனுக்கு அதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன்.

நாலாம் நாள் கேட்டான். "எத்தன நாளு ரெஸ்ட்டுன்னு போட்டுருக்காக, மாப்ள?"

தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஒடம்பு கேக்குறபடின்னு போட்டுருக்காக."

சும்மா இருந்தால் என் காலில் எறும்பு ஊரும். தனியாக ஓடப் போக வெட்கம். ரெண்டும் உண்மைதான். அதற்கும் அடியில் ஒன்று கிடந்தது: இன்னொரு தரம் அவனை முந்த வேண்டும். இங்கே, எங்கள் மலையில்.

மறுநாள் காலை சின்னமனூர் தாண்டி, அடிவாரத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஓடி ஏறினோம். முதல் வளைவு ஒன்றாக. மூன்றாவது வளைவில் அவன் மூச்சு என் முதுகில்.

"குதிகால் பிடிக்கிது, மாப்ள."

"ஓடுனாச் சரியாயிரும்" என்று வேகத்தைக் கூட்டினேன்.

பின்னால் பட்டென்று ஒரு சத்தம், இறுக்கிய ஸ்போக் கம்பி அறுந்த மாதிரி. எனக்குக் கேட்டது. அடுத்த வளைவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

எஸ்டேட் ஜீப் ஒன்றில் படுக்கவைத்து இறக்கினோம். குதிகால் தசைநாண் முழுசாக அறுந்திருந்தது. ஆபரேஷன், மாவுக்கட்டு. ஓட்டத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

பத்து நாள் கழித்துத்தான் பார்க்கப் போக முடிந்தது என்னால். கடைக்கு மேல் மாடியில் வீடு. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எதிரே அதே போர்டு, எங்கள் ரெண்டு பேர் பல்லும் தெரிய.

"டாக்டர் கேட்டாக, இம்புட்டு ஓடிட்டு மூணு வாரமாச்சும் கால ஆத்த வேணாமா, ஒனக்கு யாரும் சொல்லலையான்னு. சொன்னாக, நாந்தான் கேக்கலன்னுட்டேன்."

என்னைக் காப்பாற்றியிருக்கிறான். தாங்க முடியவில்லை. வியர்வையில் ஊறி மடிப்பு கிழிந்த தாளை எடுத்து அவன் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான். ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இது மூணுதான? நம்பரப் படிக்க எனக்கு எதுக்கு மாப்ள இங்கிலீசு? அன்னைக்கே காட்டிருக்கலாம்ல."

நாலாக மடித்துக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தான்.

"கட்டுப் பிரிச்சதும் மெதுவா, சமதரையில…" என்று ஆரம்பித்தேன்.

"கெளம்பு."

கீழே வந்து சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதித்தேன். தெரு சரிவு. கால் தானாக நின்றது, சக்கரம் கிர்ரென்றது. மேலே ஜன்னலிலிருந்து அவன் குரல். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை.

"மிதிச்சுக்கிட்டே போ, மாப்ள. இந்தத் தெருவத் தாண்டுற வரைக்கும் வண்டியப் பேச விடாத. எனக்குக் கேக்கக் கூடாது."