துக்க வீட்டில் ஒரு நமஸ்காரம்

சிவப்பிரகாசம் கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகப் பிடிக்காமல் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து, செங்கல்பட்டில் வாடகைக்குக் குடிவந்தவர். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். ஊரே போனில் ரீல்ஸ் பார்க்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு வேதாந்த உரை கேட்பார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனிதரைப் பிடிக்கும், அதனால் வம்புக்கு இழுப்பேன்.

"அண்ணாத்த, கேண்டீன் சாம்பாரு இன்னிக்கும் தண்ணி."

"நாக்குக்குத்தான் தண்ணி. பாக்கறவனுக்கு இன்னா?" என்பார்.

ஞாயிறுதோறும் படூரில் சுஜாதா அம்மாவின் ஃபிளாட்டில் வகுப்பு. அவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. துக்கம் வருவது மனசுக்கு, நீ அதைப் பார்க்கிற சாட்சி, உனக்கும் அதற்கும் ஒட்டு உறவில்லை, இருப்பதெல்லாம் ஒன்றேதான், இரண்டாவது கிடையாது என்று சொல்லிக்கொடுப்பார்.

போன மழைக்காலத்தில் சிவப்பிரகாசத்தின் ஒரே மகள் வினிதா டெங்குவில் இறந்துபோனாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண். நான் போனபோது அவர் ஷாமியானாவின் கீழ் நின்று, வருகிற ஆண்களுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். தொட்டேன், சில்லென்றிருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நடுவில் அவர் மனைவி வச்சலா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. "பெத்தவளா இவ? கல்லு" என்று யாரோ முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது.

கருமாதி முடிந்த பிறகு சுஜாதா அம்மாவும் வகுப்புக்காரர்களும் துக்கம் கேட்க வந்தார்கள். நானும் இருந்தேன்.

"ஒண்ணுமே தெரியலம்மா" என்றார் சிவப்பிரகாசம், வறண்ட கண்ணோடு.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் சாட்சி நிலை. நாங்க புஸ்தகத்துல படிக்கறது உங்களுக்குக் கிடைச்சிருச்சு."

உடனே வகுப்புக்காரர் ஒருவர் சிவப்பிரகாசத்தின் காலில் விழுந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அவர் கை தானாக உயர்ந்தது. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டில், மொட்டைத் தலையோடு அப்பன் ஆசீர்வாதம் செய்துகொண்டு நிற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கை தானாக உயர்ந்தது. அந்த அம்மா சொன்னதை அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றியது. நம்பிவிட்டால், செத்தது வேறு யார் மகளோ என்று இருந்துவிடலாம்.

சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த வச்சலா பேசினாள். குரல் உயரவில்லை.

"எனக்கும் ஒண்ணும் தெரியலம்மா. பசி தெரியல, தூக்கம் தெரியல, அழுகையும் வரல. என்னைய மட்டும் கல்லுன்றாங்க. என் கால்ல ஏன் யாரும் வுழல?"

சிவப்பிரகாசம் கையை இறக்கினார்.

"இது ஞானம் இல்லம்மா. மரத்துப் போச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, போய் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்போதும் இருவரும் அழவில்லை. வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். துக்க வீட்டில் அதுதான் முறை என்பதால் தப்பித்தார்கள்.

அதன்பிறகு அவர் படூருக்குப் போகவில்லை. ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"இன்னாண்ணாத்த, கிளாஸ வுட்டுட்டியா?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க, இருக்கறது ஒண்ணுதான்றாங்க. வூட்ல நாங்க ரெண்டு பேரு கீறோம். நான் அங்க போயிட்டா அவ தனியா உக்காந்துகினு கீறா."