ஒரே நேரத்தில் அழுத்திய இருவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தேன். ஐப்பசி பிறந்ததும் சுற்றுவட்டாரத்தில் ஐந்து கண்மாய்க் கரைகளில் ஆளுக்கொரு வயர்லெஸ் செட்டைக் கொடுத்து ஐந்து பேரை உட்கார வைப்பார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, கரை கசிகிறதா என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

அந்த ஐவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே அலைவரிசைதான். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்திவிட்டால் எனக்குக் கேட்பது ஊளைச் சத்தம் மட்டுமே. அழுத்தியவர்களுக்கு அதுவும் தெரியாது. முன்பெல்லாம் மணிக்கொரு முறை நானே வரிசையாகக் கூப்பிடுவேன். அவசரத்துக்கு அது உதவாது என்று, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று அதிகாரி மாற்றினார். “பதில் வராட்டி பத்து எண்ணிட்டு மறுபடி அழுத்துங்க” என்று ஐவருக்கும் சொல்லி வைத்தவன் நான்.

ஒரு பிற்பகல், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஊளை கேட்டது. நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஊளை. “யாராவது ஒருத்தர் மட்டும் பேசுங்க” என்றேன். இருவருமே தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், திரும்பவும் ஊளை. பதறாமல் ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு அது தோன்றியது. முதலில் கோட்டையூர்க்காரரைக் கூப்பிட்டேன். விளக்குக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்து நேமத்தான்பட்டிக்கு அப்பால் இருந்தவரைக் கூப்பிட்டேன்.

“கரை போச்சுங்க” என்றார் அவர். “ஆளுக தப்பிச்சிட்டாக. ஆடுக போயிருச்சு. அப்பயிருந்து கூப்பிடுறேன், நீங்க பதிலே சொல்லலயே.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆடுகளைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி சேற்றில் கயிறுகளைத் தேடி எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன்.

“கம்பியில்லாமப் பேசுற பொட்டி வச்சிருக்கு, தண்ணி வந்தா முன்னாலயே சொல்லிருவாகன்னாக. அதை நம்பித்தான் பள்ளத்துல கட்டிப் போட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கயிற்றைத் தேடக் குனிந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி கோட்டையூரில் பள்ளி ஆசிரியை. அவளிடம் நடந்ததைச் சொன்னபோது சாதம் வடித்துக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டு பேருமே பத்து எண்ணினா மறுபடியும் முட்டத்தானே செய்யும்?”

ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய கணக்கு. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

இன்னொரு நாள் காலை தெருமுனையில் இரண்டு டவுன் பஸ்கள் ஒன்றாக ஹாரன் அடித்தன. தலை பின்னிக்கொண்டிருந்த மனைவி எழுந்து, “நம்ம வண்டி வந்திருச்சு” என்று பையை எடுத்தாள்.

“ரெண்டும் சேர்ந்துல்ல அடிச்சுச்சு?”

“நம்ம டிரைவரு ரெண்டு குட்டையா அடிச்சு ஒண்ணு நீட்டுவாரு. மத்த வண்டிக்காரரு ஒரே இழுப்புத்தான். சேர்ந்து கேட்டாலும் தாளம் வேறல்ல? வழியை விடுங்க, வண்டி போயிரும்.”

அன்று நான் அலுவலகத்துக்கு நடந்து போகவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன்.

எடுத்தவுடன் பேசக் கூடாது என்று ஐவருக்கும் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளம். பொத்தானைக் குட்டையும் நெட்டையுமாக அந்தத் தாளத்தில் அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த ஊரின் தாளம் என்று கண்டுபிடித்து நான் கூப்பிடுவேன். கூப்பிடாவிட்டால், மறுபடி அழுத்துமுன் ஒருவர் ஐந்து எண்ண வேண்டும், ஒருவர் ஒன்பது, ஒருவர் பதினான்கு. யாருக்கும் ஒரே எண் கிடையாது.

“பேசுறதுக்குச் செட்டைக் கொடுத்துட்டு, டொக்கு டொக்குன்னு அழுத்தச் சொல்றீகளே” என்று கோட்டையூர்க்காரர் சலித்துக்கொண்டார். மூன்று குட்டையும் நான்கு குட்டையும் கலந்து வந்தபோது எனக்கே பிரித்தறிய முடியவில்லை. தாளங்களை மூன்று முறை மாற்றினேன். அதிகாரி காதுக்கும் விஷயம் போனது.

“யாரைக் கேட்டு இதையெல்லாம் செய்றீக?”

“கேட்டு உத்தரவு வாங்குறதுக்குள்ள மழை முடிஞ்சு போயிரும் சார்.”

அவர் கையிலிருந்த கோப்பை மூடினார். “எங்கிட்ட இதை யாரும் சொல்லல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மறுபடி ஊளை. அதன் அடியில் விட்டுவிட்டு இரண்டு தாளங்கள். உரத்தது கோட்டையூர். மெலிந்தது நேமத்தான்பட்டிக்கு அப்பால். மெலிந்ததை முதலில் கூப்பிட்டேன்.

“கரையில ஓட்டை விழுந்திருக்கு. சின்னதுதான். மண்மூட்டை வந்தா அடைச்சிரலாம்.”

மூட்டைகளோடு லாரி போனது. கரை நின்றது. அதிகாரி அன்று எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் சேர்ந்து அழுத்தினார்கள். எனக்கு இருவரின் தாளம்தான் கேட்டது. மூன்றாமவர் பதினான்கு எண்ணிவிட்டு அழுத்திய பிறகுதான் அவர் இருப்பதே தெரிந்தது. அவர் சொல்ல வந்தது சாதாரணச் செய்தி. ஆனால் அந்தப் பதினான்கு எண்ணிக்கை அதன்பின் எத்தனையோ நாள் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தை மாதம் வேறு பிரிவு கேட்டு மனு எழுதினேன்.

“இப்பத்தானே நல்லாப் போகுது, ஏன் விட்டுட்டு வாரீக?” என்றாள் மனைவி.

“அஞ்சு பேரும் ஒண்ணா அழுத்துனா?”

அவள் மனுவை வாங்கிப் படித்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

சித்திரையில் கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த ஆபரேட்டருடன் ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்து தாளங்களையும் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிடக் கூர்மையான காது அவருக்கு. மூன்றாம் நாளே, கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் தட்டிக் காட்டி, “நீங்க ஏன் சார் இதுக்குப் போயி இப்படிப் பயப்படுறீக?” என்று சிரித்தார். நான் வயர்லெஸ் அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.