கிளெனிஸ் தலையில் கை வைத்த குருவி

கிளெனிஸ் பாஸ்கோவின் கத்தரிக்குத் தப்பிய தலை அந்த ஆஸ்திரேலிய ஊரில் கிடையாது. "முடின்னா சும்மாவா? ஆளோட பாதித் திமிரு அங்கதான் இருக்கு" என்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் புற்றுநோய் வைத்தியத்தில் முடி மொத்தமும் கொட்டிப்போனது. நோய் ஒழிந்தது, அவளுடைய முடிவெட்டும் பார்லர் மட்டும் திறக்கவில்லை. புதிதாக முளைத்தது விரல் நீளம்கூட இல்லை, அதுவும் சாம்பல் சுருட்டை. "கடைய வாடகைக்கு விட்டுடு, காலின். இந்தத் தலையப் பாத்தா எவ வந்து உக்காருவா?" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். மீன் வறுவல் கடை போட ஒருவர் திங்கட்கிழமை சாவி வாங்க வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் இருவரும் கொல்லையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். வசந்தம் பிறந்திருந்ததால் வெள்ளைக்காதுத் தேன்குருவி வந்தது. பேர்தான் தேன்குருவி, யூகலிப்டஸ் பட்டையைக் கிளறிப் பூச்சி தின்கிற ஜாதி. ஆண் கிளையில் ஜம்பமாகக் கத்திக்கொண்டிருக்கும், கூடு கட்டுவது பெட்டைதான். அவளுக்கு மெத்தைக்கு முடி வேண்டும். கங்காரு, நாய் எதுவானாலும் சரி. வருஷா வருஷம் கிளெனிஸ் தலையில் உட்கார்ந்து உரிமையோடு பிடுங்கிக்கொண்டு போவாள்.

இந்த முறையும் வந்து உட்கார்ந்தாள். கிளெனிஸ் தலையை மூடிக் கட்டியிருந்த துணியைக் கொத்தினாள், இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. தாவிப் போய்க் காலினின் கம்பளி ஸ்வெட்டரைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

கிளெனிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடி நன்றிகெட்டவளே! இத்தன வருஷம் என் தலையிலேருந்து வாரிக்கிட்டுப் போயிட்டு, இப்ப இந்த மொட்டையன்கிட்டயா போற?"

"அதை ஏன் திட்டுற? நீதான் கடைய மூடி வச்சிருக்கியே" என்றான் காலின், சாண்ட்விச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அவனை முறைத்தாள். பிறகு துணியை அவிழ்த்து மடியில் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வெளியில் அவள் தலையில் காற்றுப் பட்டதே இல்லை. கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது.

குருவி திரும்பிப் பார்த்தது. யோசிக்கவேயில்லை. உச்சியில் வந்து காலை ஊன்றி ஒரே இழுப்பு.

"ஐயோ, பாவி!" கிளெனிஸ் துள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்காம? வேர் பிடிச்சிருக்குய்யா!"

சாம்பல் சுருளைக் கவ்விக்கொண்டு குருவி பறந்தது. கிளெனிஸ் உள்ளே போய் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சாவி கெடையாதுங்க. நாளைக்குக் கடை தொறக்கிறேன்."

"ஏம்மா திடீர்னு? முடி வளரலேன்னு சொன்னீங்களே?"

"வளந்துடுச்சு. பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி இப்பதான் வந்து இழுத்துப் பாத்துட்டுப் போறா."