நாற்பது பொட்டலங்களில் ஒரே மரம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பூந்திக்கொட்டை இலையை அரைத்து, கரைசலை ஊற்றிக் குலுக்கினால் குழாய் முழுக்க நுரை பொங்கும். காயைத் தேய்த்துத் துணி துவைக்கிறவர்களுக்கு அந்த நுரை வேண்டும். அதே மரத்து இலையிலிருந்து மரபணுவைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க உட்காருகிறவளுக்கு அது தலைவலி. பன்னிரண்டு வருடமாக அந்தத் தலைவலிதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

பாத்திரம் கழுவ வந்தவள். பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். பூந்திக்கொட்டை லிச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை, குளிர்நாட்டு மேப்பிள் மரத்துக்குத் தூரத்து உறவு, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஒரே வீட்டில் இருந்து தனிக்குடித்தனம் போனவை என்று கூடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்குவாள். சொந்தபந்தத்தை அறிமுகம் செய்கிற தோரணைதான். கை சுத்தத்துக்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று கூடத்துத் தலைவி டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குத்தான் இப்போது கெட்ட பெயர்.

மலையில் நிற்கும் நாற்பது மரங்களின் இலையைச் சோதித்து, நல்ல காய் தருகிற மரங்களைப் பிரித்தறிந்து, விவசாயிகளுக்குக் கன்று கொடுப்பது திட்டம். விதையில் முளைத்த மரம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒரே மாதிரி இல்லையே. சோதனைப் படத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் கோடுகள் வேறு வேறாக விழவேண்டும். அவளுக்கு நாற்பதிலும் அச்சு அசலாக ஒரே கோடுகள்.

"ஒரு குழாயில இருந்ததை எல்லாத்துலயும் கலந்து வச்சிருக்கே" என்றார் டாக்டரம்மா.

மறுபடி செய்தாள். அதே கோடுகள். கையுறையை நாற்பது தடவை மாற்றி மூன்றாவது முறை செய்தாள். அதே கோடுகள். எரிச்சலில் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவன் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னதற்கு, அதையும் மூன்று முறை சோதித்துவிட்டுச் சொல்லச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கவேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பழையபடி பாத்திரம் கழுவப் போக அவள் தயாராக இல்லை.

நான்காவது முறை, ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்ற பூந்திக்கொட்டை மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து நாற்பத்தொன்றாவதாகச் சேர்த்தாள். கை அசுத்தமென்றால் அதுவும் மற்றவற்றைப் போலவே வரவேண்டும். வரவில்லை. நாற்பதும் ஒரு மாதிரி, வாசல் மரம் மட்டும் தனி மாதிரி.

அப்படியானால் கோளாறு மலையிலிருந்து இலை வந்த பொட்டலத்தில். மிச்சமிருந்த இலைகளை மேசையில் கொட்டினாள். ஏழாவது பொட்டலத்து இலையில் பொடிப்பொடியாக நீலப் பெயிண்ட். பத்தொன்பதிலும் நீலம். முப்பத்து மூன்றிலும் நீலம். நடுக்காட்டில் எவன் பெயிண்ட் அடிக்கிறான்?

இலை பறிக்கப் போனது அவளுடைய அண்ணன். கூடத்து வண்டி ஓட்டுநர். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். மலை விடுதிக்குப் புதுசாக நீலம் அடிக்கிறார்கள், கண்ணைக் குத்துகிறது என்று திரும்பி வந்த அன்று அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் விறுவிறுவென்று வண்டிக் கொட்டகைக்குப் போனாள்.

"அண்ணா, விடுதி வாசல்ல பூந்திக்கொட்டை மரம் இருக்கா?"

அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "இருக்கு. ஏன்?"

"நாப்பது பொட்டலமும் அந்த ஒரே மரத்துலயா பறிச்சே?"

"முட்டி மடங்க மாட்டேங்குது. அந்த ஏத்தத்துல எப்படி ஏறுவேன்? எல்லாம் பூந்திக்கொட்டைதானே, இலைக்கு இலை என்ன வித்தியாசம்?"

"என்ன வித்தியாசம்னு பார்க்கத்தான் இத்தனை பேர் இங்க உக்காந்திருக்கோம். மூணு வாரமா நான் திட்டு வாங்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "கை தப்புன்னு நீயே ஒத்துக்கோ. உன்னை மன்னிச்சு வச்சுப்பாங்க. முட்டி போன டிரைவரை யார் வச்சுப்பாங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முட்டியை நினைத்து ஒரு நொடி மனசு இளகியதும் உண்மை. அந்த இளக்கத்தின் மேல்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

டாக்டரம்மா அறையில் நாற்பது பொட்டலங்களின் பட்டியல் மேசைமேல் விரித்துக் கிடந்தது. மரத்தின் எண், உயரம், அடிமரச் சுற்றளவு எல்லாம் அண்ணனின் குண்டு எழுத்தில். கண்ணால்கூடப் பார்க்காத மரங்களுக்கெல்லாம் அவன் சுற்றளவு எழுதியிருந்தான்.

"உங்கண்ணனை மறுபடி அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்கார் பாரு. இந்தப் பொறுப்புல பாதி உனக்கு இருந்தா எனக்கு இந்தப் பாடு இல்லை."

அதுவரை என்ன சொல்வதென்று அவள் முடிவு செய்திருக்கவில்லை. இதைக் கேட்டதும் தயக்கம் போய்விட்டது. நீலப்புள்ளி இலைகளைப் பட்டியலின் மேல் வைத்தாள். பக்கத்தில் நாற்பத்தொரு வரிசைப் படத்தையும் வைத்தாள்.

"இது நாப்பதும் ஒரே மரம் மேடம். விடுதி வாசல் மரம். எங்கண்ணன் மலை ஏறவே இல்லை."

டாக்டரம்மா படத்தையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"மூணு வாரம் போச்சு. பொட்டலத்துல தப்பு இருக்கும்னு முதல் நாளே உனக்குத் தோணலையா?"

"நாலு தடவையும் என் கையைத்தான் மேடம் சந்தேகப்பட்டேன்" என்றாள். "பொட்டலத்துமேல எங்கண்ணன் எழுத்து இருந்துச்சு."