ஆடி மாதத்தில் ஒரு பின்கதவு

ஒரு தச்சரிடம் சண்டை போட்டுத் தோற்றுவிட்டேன். படப்பையில், நட்ட நடுப்பகலில், நாலு பேர் பார்க்க. தோற்றதில் வருத்தமில்லை. ஆனால் ஜெயித்தது யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜோசப் என் மெக்கானிக். பல வருடமாக என் ஸ்கூட்டர் உயிரோடு இருப்பது அவர் தயவில். வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில் கொட்டகையில், உமி மூட்டைகளுக்குப் பின்னால் அவர் ஒரு காரைக் கண்டுபிடித்தார். பழைய இங்கிலாந்து எஸ்டேட் கார். முன்பாதி இரும்பு, பின்பாதி மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்தது. பின்னால் அலமாரி போல இரண்டு கதவுகள். வெள்ளைக்காரர் நாயையும் தூண்டிலையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி. நம் ஊரில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கும்? நான் பார்த்தது இது ஒன்றுதான்.

ஜோசப்புக்குப் பழைய கார் மோகமெல்லாம் கிடையாது. அவருக்கு வேண்டியது அந்தப் பின்கதவு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு நடை போய்விட்டது. சக்கர நாற்காலிதான். கெட்டிக்காரத் தையல்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் முதல் திங்களன்று ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. பஸ்ஸில் ஏற முடியாது. இந்த வண்டியில் இரண்டு பலகையைச் சாய்த்தால் நாற்காலியோடு உள்ளே போய்விடலாம்.

ஜோசப் அதை வாங்கிப் படப்பையில் தன் வீட்டு வாசலில் நிறுத்திப் பழுது பார்த்தார். இன்ஜின் ஓடியது. பாசிப்பச்சை பெயின்ட் மின்னியது. கரையான் தின்ற பின்சட்டத்துக்குப் பதிலாகத் தச்சர் கன்னியப்பன் வேங்கை மரத்தில் புதுச் சட்டம் இழைத்துவிட்டார். பொருத்த வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடில வாசக்கால் வெக்க மாட்டேன் சார். எங்கப்பாவும் வெச்சதில்ல, நானும் வெச்சதில்ல."

"இது வீடு இல்லை, கார்" என்றேன்.

"கார்தான். சட்டம் கீது, கதவு கீது, உள்ள ஆளு போவப்போவுது. அப்பால இன்னா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொண்ணூற்றொன்றிலுமா இப்படி? ராக்கெட், கம்ப்யூட்டர், பகுத்தறிவு... பத்து நிமிடம் லெக்சர் அடித்தேன். கன்னியப்பன் பொறுமையாகக் கேட்டார். உளியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"ஆவணி பொறக்கட்டும், வரேன்."

ஜோசப் முகம் தொங்கிவிட்டது. கன்னியப்பன் மறுத்த வேலையில் அந்த வட்டாரத்தில் வேறு தச்சர் கை வைக்க மாட்டார்.

வாசலில் நாற்காலியில் இருந்த ஸ்டெல்லா அப்போதுதான் வாய் திறந்தார்.

"கன்னியப்பண்ணா, இப்ப எங்கருந்து வரீங்க?"

"அம்மன் கோயில்லருந்து மா. தேருல ரெண்டு கட்டை உளுத்துப்போச்சு. மாத்திக்கினு கீறேன்."

"ஆடிலயா?"

"அம்மன் தேரு ஆடிலதான மா ஓடும்."

"இதுக்கும் நாலு சக்கரம்தாண்ணா. வாசக்கால் வெச்ச வூடு வெச்ச எடத்துலயே நிக்கும். இது நின்னா, நானும் வூட்டோட நின்னுடுவேன்."

கன்னியப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு டயரையும் பார்த்தார். பையைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் சட்டம் உட்கார்ந்துவிட்டது. அதற்கு அவர் மஞ்சள் குங்குமம் வைத்தார். ஜோசப் உள்ளே ஜெபமாலை மாட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பேசியது கன்னியப்பனை மட்டம் தட்ட. ஸ்டெல்லா பேசியது வேலைக்குப் போக.

திங்கள் காலை. புதுப் புடவையில் ஸ்டெல்லா பின்னால் ஏறியாகிவிட்டது. ஜோசப் சாவியைத் திருப்பினார். கிர்... கிர்... அவ்வளவுதான். பாட்டரி! மணி எட்டே கால்.

முதலில் ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்தவர், வழியனுப்ப வந்திருந்த கன்னியப்பன். அப்புறம் டீக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த இரண்டு பேர். நான் ஓரமாக நின்று, பாட்டரியை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஜோசப்புக்கு விளக்க ஆரம்பித்திருந்தேன்.

"சார், தேருன்னு ஆயிப்போச்சு. பேச்ச வுட்டுட்டு வந்து தள்ளு சார்" என்றார் கன்னியப்பன்.

தள்ளினேன். தெருமுனையில் இன்ஜின் உறுமியது. பின்கண்ணாடி வழியாக ஸ்டெல்லா கையசைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல என்ன கூச்சம்?

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

சாயங்காலம் தேர் நிலைக்குத் திரும்பியது — புது பாட்டரியோடு.