மூன்றாவது ‘வேண்டாம்’

போன சனிக்கிழமை, நாங்கள் குடியேறியிருக்கும் அஜின்கோர்ட்டில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நின்று பருப்புப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தர்ம சிந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். “சோபாவில கிடக்காமல் எங்கையாவது போய் நில்லுங்கோ” என்று மனைவி இந்த உணவு வங்கியில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அளவுக்கு மீறிச் சாப்பிட்டவன் இளைப்பதற்காக, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்குப் போகிறான்... உலகம் எவ்வளவு ஒழுங்காக இயங்குகிறது பாருங்கள்!

எங்கள் மேசைகளுக்குப் பொறுப்பு மார்சியா. ஜமெய்க்காக்காரி. குரலாலேயே வரிசையை நேராக்கக் கூடியவர். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அதற்கேற்றபடி கொடுக்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம்.

வரிசையில் ராணி அக்கா வந்தார். றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டால் தலையாட்டிக்கொள்ளும் பழக்கம். மகனுக்கு வெயார்ஹவுஸ் வேலை போய்விட்டது என்று அங்கேதான் காதில் விழுந்தது. பேரப்பிள்ளைகளோடு வீட்டில் ஐந்து பேர். என்னைக் கண்டதும் அக்கா கூரையைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன்.

“பாஸ்தா?” என்று மார்சியா கேட்டார்.

“நோ, நோ. தேங்க்யூ.”

“ரின்னில் அடைத்த மீன்?”

“நோ. இனஃப், இனஃப்.”

மார்சியா மரியாதையாகப் புன்னகைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அக்காவின் பைக்குள் முட்டைக்கோசு, அதுதான் நம் கோவா, ஒன்றும் நாலைந்து அப்பிளும்தான்.

அக்கா சொன்னது ‘வேண்டாம்’ இல்லையே... அது முதலாவது ‘வேண்டாம்’ அல்லவா!

நம்மவர்களில் முதல் தடவை கேட்டதுமே “ஓம், போடுங்கோ” என்று சொன்ன ஒருவரை நீங்கள் கண்டதுண்டா? “இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்” என்போம் — வயிறு உள்ளே கத்திக்கொண்டிருக்கும். இரண்டாம் தடவை, “சும்மா கரைச்சல்படாதேங்கோ.” மூன்றாம் தடவை வீட்டுக்காரி கோபத்தோடு பிளேட்டைக் கையில் திணிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நமக்குப் பசிக்கவே அனுமதி.

மார்சியாவுக்கோ ஒருவர் ‘நோ’ என்றால் அதை மதிப்பதுதான் மரியாதை. இரண்டு மரியாதைகளுக்கு நடுவே ஐந்து பேரின் ஒரு வாரச் சாப்பாடு கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, பருப்பு கொண்டு போங்கோ.”

“வேண்டாம் தம்பி, வீட்டில கிடக்கு.”

“கிடந்தால் என்ன? பழுதாகிற சாமானே?”

“இல்லையப்பா. இல்லாத சனத்துக்குக் கொடும்.”

இல்லாத சனம்! ஒரு கோவாவோடு வீட்டுக்குப் புறப்பட்ட மனுசி சொல்கிறார்.

கல்யாண வீட்டுப் பந்தியில் என் மாமியார் எடுக்கும் குரலை நானும் எடுத்தேன். “வாங்காமல் போனால் கோவிப்பன், சொல்லிப்போட்டன்! பேரப்பிள்ளையள் என்ன, கிழமை முழுக்கக் கோவாவையே கடிக்கிறது?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உமக்கு வாய் கூடிப்போச்சு” என்றபடி பையை விரித்தார்.

“யாரோடு சண்டை?” என்று மார்சியா வந்தார். விஷயத்தை விளக்கினேன். பாஸ்தாவையும் மீனையும் எடுத்துவந்து அக்காவின் பைக்குள் தானே வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்படியென்றால்... இந்தக் குளிர்காலம் முழுக்க எத்தனை பேரை, அவர்கள் ‘நோ’ என்றதை நம்பி, நான் அனுப்பியிருக்கிறேன்?”

அடுத்த பருப்புப் பையை எடுத்துத் திருப்பினேன். இந்த நாட்டு மாகாணமான சஸ்கற்சுவானில் விளைந்தது என்று போட்டிருந்தது. இதே பருப்பு கப்பலேறி இலங்கைக்கும் போகிறது. அக்கா ஊரில் சமைத்ததும் இதுவாக இருக்கலாம். காசு கொடுப்பவரைத் தேடி அது கடல் தாண்டும். விளைந்த நாட்டுக்கே வந்து சேர்ந்த அக்காவிடம் வர மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

உலகத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உபசரிப்புத்தான் ஆள் பார்த்து நடக்கிறது. டொக்டரே தடுத்துவைத்திருக்கும் என்னிடம் போனில் சாப்பாடு கொண்டுவந்து தரும் ஓர் ஆப் தினமும் வந்து “இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுகிறது. வேண்டாம் என்று தள்ளினால் டிஸ்கவுண்டோடு திரும்பி வருகிறது. பசித்தவரிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறார்கள். பல இடங்களில் அதுவும் இல்லை.

வாசல்வரை போன ராணி அக்கா திரும்பி வந்தார்.

“தம்பி, அடுத்த கிழமை ஞாயிறு வீட்ட வாரும், சாப்பிட.”

“ஐயோ, வேண்டாம் அக்கா!” சத்தியமாக வேண்டாம். அந்தப் பருப்பில் கை வைக்க எனக்கு எப்படி மனம் வரும்?

“உந்த விளையாட்டெல்லாம் என்னட்ட விடாதையும். மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும். வராட்டி நான் கோவிப்பன்.”

இந்தத் தடவை கூரையைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஞாயிறு போகிறோம். நிஜமாகவே வேண்டாம் என்பதைச் சொல்ல நம் ஆட்கள் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.