அக்கா விட்ட ஐந்து மீன்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம், புத்த பௌர்ணமி நாள். பெங்களூரிலிருந்து ஹொசகோட்டே போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வரும் ஒரு சின்ன ஏரியில் நடந்தது இது. இப்போதும் யார் வீட்டிலாவது மசால் வடை சுடும் வாசனை வந்தால் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். வடைக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன்.

நாங்கள் பெங்களூர் மர்பி டவுன்காரர்கள். நான் கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரருக்கு வாரம் முழுக்க லேத் வேலை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் வேலை. கல்யாணமான புதிதில், மீன் பிடிக்கப் போகிறேன் என்று போய்விட்டு வெறுங்கையோடு வருவார். எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒரு ஞாயிறு நானும் கூடவே கிளம்பிவிட்டேன். மனுஷன் நிஜமாகவே மீன் பிடித்தார். பிடித்து, தடவிப் பார்த்து, குழந்தையை இறக்கி விடுவதுபோலத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

"இதுக்கா பஸ் சார்ஜ் குடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தூண்டிலை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், போச்சு. அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

கூட்டம் என்றால் எங்கள் தெருவில் நாலைந்து வீடு. எங்களுக்கென்று சில ஒழுங்கு உண்டு. கொக்கியில் இருக்கும் எதிர்முள்ளை அரத்தால் தேய்த்துவிடுவோம், மீன் வாய் கிழியக் கூடாது. சினை மீன் மாட்டினால் தடவிக்கூடப் பார்க்காமல் உடனே விட்டுவிடுவோம். அந்த ஏரி ஒரு வறட்சியில் அடியோடு காய்ந்து, அதிலிருந்த விரால் மீன் பூண்டோடு போய்விட்டது. அப்புறம் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் ஆட்கள் வேறு ஊரிலிருந்து சில விரால்களைப் பால் கேனில் போட்டு, பஸ் மாறி மாறிக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டதோடு சரி, குஞ்சு பொரிக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் பார்ப்போம், ஏமாந்து திரும்புவோம்.

அந்த வருஷம் ஏப்ரலில் வரும் மாங்காய் மழை பெய்த பிறகுதான் முதல் தடவையாகக் குஞ்சுகளைப் பார்த்தோம். கோடையில் ஏரி வற்றி, மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. அதில் குங்குமத்தைக் கொட்டியதுபோலச் சிவப்பாக, ஒரு கூட்டமாகக் குஞ்சுகள் மேலே வந்து வந்து போயின. அடியில் அப்பனும் ஆத்தாளும் காவல். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஏதோ அவரே பெற்றதுபோலத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. கோலார் தங்கவயலில் வீடு. அவருடைய கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பௌர்ணமிக்கு முந்தின நாள் ஆபரேஷன் முடிந்தது. ஆனால் மனுஷர் கண் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் யாரும் உள்ளே வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அக்காவின் மகனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம்.

நாங்கள் பௌத்தர்கள், எங்கள் குடும்பத்தில் புத்த பௌர்ணமிக்கு ஓர் உயிரையாவது விடுதலை செய்கிற வழக்கம் உண்டு. கூண்டுக் கிளி, மீன், ஏதாவது ஒன்று. அக்கா கணவருக்காக மீன் விடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். "யாரும் புடிச்சித் தின்னாத தண்ணியா சொல்லுடா தம்பி" என்று கேட்டிருக்கிறார். இவருக்குத்தான் ஏரிப் பெருமை தாங்காதே. "நம்ம ஏரிக்கு வாக்கா, அங்க புடிச்சாலும் திரும்ப வுட்ருவோம்" என்று சொல்லிவிட்டார். என்ன மீன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விடியற்காலையில் அக்கா தனியாக மார்க்கெட்டுக்குப் போய், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். வேண்டுதல் பொருளைத் திறந்து பார்க்கக் கூடாது என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மதகுப் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "புத்தம் சரணம் கச்சாமி" சொல்லி முடித்து, மூடியைத் திறந்து வாளியைக் கவிழ்த்தார். சப்பைத் தலை, நீள மீசை, கறுப்பு உடம்பு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஆப்பிரிக்கக் கெளுத்தி.

மார்க்கெட்டில் மலிவாக, உயிரோடு கிடைப்பது பெரும்பாலும் அதுதான். மற்ற மீன் பெரும்பாலும் செத்துப்போகும், இது வாளியில் நாள் முழுக்கக் கிடந்தாலும் சாகாது. புண்ணியத்துக்கு மீன் விட நினைக்கிறவர் கைக்கு அதுதான் வரும். ஆனால் அது கண்டதையும் தின்னும். இன்னோர் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்டு, அங்கே இப்போது அதைத் தவிர வேறு எதுவும் தூண்டிலில் மாட்டுவதில்லை. எங்கள் சிவப்புக் குஞ்சுகள் அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

"எத்தினிக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அஞ்சு. பஞ்ச சீலத்துக்கு அஞ்சு."

நான் சட்டென்று கோபப்படுகிறவள். விஷயத்தைப் படபடவென்று சொல்லி, இப்போதே பிடித்தாக வேண்டும் என்றேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"வுட்டத திரும்பப் புடிக்கறதா? அங்க அந்த ஆளு கண்ணத் தொறக்காம கெடக்காரு. வேண்டுதல நானே முறிச்சிக்கச் சொல்றியாம்மா?"

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார். ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லை. அந்த நேரம் பார்த்து மதகைக் கவனித்துக்கொள்ளும் ஊர்க்காரர் மாடு ஓட்டிக்கொண்டு வந்து, கிழக்கே கையைக் காட்டினார். "மளெ பர்த்தாயிதெ அக்கா" என்றார் கன்னடத்தில். மழை வருகிறது. வானம் கறுத்திருந்தது. மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பள்ளம் ஏரியாகிவிடும். அப்புறம் அந்த ஐந்தையும் யாரும் பிடிக்க முடியாது.

அப்போதுதான் சிவப்புக் கூட்டம் மேலே வந்தது. கூடவே ஒரு கெளுத்தியும் மூச்சு வாங்க வந்தது. குஞ்சுகள் சிதறின. அடியிலிருந்து விரால் ஒன்று பாய்ந்து அந்தக் கெளுத்தியை முட்டியது. தன்னைவிடப் பெரிய உருவத்தை அது மறுபடியும் மறுபடியும் முட்டியது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது யாரு?"

"அதுங்களோட அப்பனோ ஆத்தாளோ. ரெண்டும் எரைக்கும் போவாம காவல் காக்குங்கக்கா" என்றேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "புடிங்க. ஆனா ஒண்ணுகூட சாவக் கூடாது. சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் தூண்டில் பையோடுதான் போவார். அன்றைக்குத்தான் அதற்காக அவரைத் திட்டவில்லை. ஆனால் இரை? பௌர்ணமியும் அதுவுமாக மண்புழுவைக் கொல்ல அக்கா விடமாட்டார். எங்களிடம் இருந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டிவந்த சப்பாத்தியும் மசால் வடையும்தான். இவர் வடையை மோந்து பார்த்தார். பூண்டு, சோம்பு வாசனை தூக்கியது. "இது போதும். விரால் உயிரோட ஓடறதத்தான் கடிக்கும், வடையத் தொடாது. கெளுத்தி விடாது" என்றார். வடையையும் சப்பாத்தியையும் பிசைந்து உருட்டி, எதிர்முள் இல்லாத கொக்கியில் மாட்டினோம்.

முதல் இரண்டும் சீக்கிரமே மாட்டின. மூன்றாவது என்னைச் சேற்றில் இழுத்து உட்கார வைத்துவிட்டது. எழுந்திருக்காமலே இழுத்தேன். வாளியில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றும் மூச்சு விடுகிறதா என்று அக்கா எட்டி எட்டிப் பார்த்தார். நாலாவதற்கு வெகு நேரம் ஆயிற்று. ஐந்தாவது வரவே இல்லை. வடை தீர்ந்துகொண்டே வந்தது. பெரிய பெரிய தூறல் விழ ஆரம்பித்தது.

எனக்குக் கை வலித்து, தூண்டிலை அக்காவிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, காலையில் கும்பிட்ட அதே படியில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி... இழுக்குதுடா."

இரண்டு பேரும் ஓடினோம். அக்கா தூண்டிலை விடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. தடுமாறி, சறுக்கி, முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி, ஐந்தாவதை அவரே இழுத்துப் போட்டார். அதுதான் இருப்பதிலேயே பெரியது. வாளிக்குள் போனதும் மழை கொட்டியது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்பாடா என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நனைந்துகொண்டே வாளியோடு ஊருக்குள் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் அக்காவின் மகனைக் கூப்பிட்டுவிடச் சொல்லிக் காத்திருந்த அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. விட்ட மீனைத் திரும்பப் பிடிக்கச் சொன்னவள் நான். ஏதாவது ஆகியிருந்தால் அக்கா என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் பயமாக இருந்தது. அக்கா போனைக் காதில் வைத்தார். கேட்டார். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது.

"கண்ணத் தொறந்துட்டாராம்" என்றார். "தொறந்ததும் மொதல்ல 'உங்கம்மா சாப்ட்டாளாடா'ன்னு கேட்டாராம்."

அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. காலையிலிருந்து ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. மொத்தச் சாப்பாடும் கெளுத்திக்குப் போயிருந்தது. பூத்துக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அந்த ஐந்தையும் அக்கா தங்கவயலுக்கே கொண்டுபோனார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் மேலே வலை கட்டி வளர்த்தார். மீதிச் சோறு தின்று அவை கொழுத்தன. அக்காவின் கணவர் குணமாகி வந்து, தினமும் சாயங்காலம் தொட்டியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்கு இல்லாத வடைய நீங்க துன்னீங்களே" என்று அவற்றைத் திட்டுவாராம்.

அடுத்த வருஷப் பௌர்ணமிக்கு அக்கா மறுபடியும் எங்கள் ஏரிக்கு வந்தார். இந்தத் தடவை வாளி காலியாக இருந்தது. ஏரி வற்றி அங்கங்கே குட்டையாகத் தேங்கிய சேற்றுத் தண்ணீரில் சின்னக் கெண்டைகளும் விரால் குஞ்சுகளும் தத்தளித்துக்கொண்டிருந்தன. அவற்றை அள்ளி அள்ளி மதகுப் பள்ளத்தில் விட்டார். இப்போது எங்கள் தெருவில் பௌர்ணமி வேண்டுதல் என்றால் அதுதான், மார்க்கெட்டுக்கு யாரும் போவதில்லை. நல்லது செய்யப் போகும்போதெல்லாம் அந்த மூடி போட்ட வாளி என் கண் முன்னால் வந்து நிற்கும். ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் கவிழ்ப்பேன்.